பாய்லர் அறைக்குள் திரும்பிப் போனவர்: போர் இல்லாத நாளில் வாங்கிய மெடல் ஆஃப் ஹானர்

கேள்வி இதுதான்: "எதிரியே இல்லாத நேரத்தில், கப்பலில் நடந்த ஒரு விபத்துக்காக, அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானரை ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமிக்குக் கொடுத்தார்கள் என்று படித்தேன். உண்மையா? போர்க்களப் பதக்கத்தை விபத்துக்கு எப்படிக் கொடுக்க முடியும்?"

உண்மைதான். அவர் பெயர் டெலெஸ்ஃபோரோ டிரினிடாட். சம்பவம் நடந்தது 1915 ஜனவரி 21, யுஎஸ்எஸ் சான் டியாகோ என்ற கவசக் கப்பலில். அப்போது அவருக்கு வயது 24. அமெரிக்கக் கடற்படையில் இந்தப் பதக்கம் பெற்ற ஒரே பிலிப்பினோ இன்றுவரை அவர்தான். கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது புரியாமல் பதக்கத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

டிரினிடாட்டின் பதவி "ஃபயர்மேன், இரண்டாம் வகுப்பு". இதைத் தீயணைப்பு வீரர் என்று நினைத்துவிடக் கூடாது. கப்பலில் ஃபயர்மேன் தீயை அணைப்பவர் அல்ல, மூட்டி வளர்ப்பவர். நீராவி ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலை, இரும்புப் பெட்டிபோல் மூடிய அறைக்குள், நீர்மட்டத்துக்குக் கீழே. சான் டியாகோவில் 16 பாய்லர்கள். அவற்றைப் பல அறைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக நீர்புகாத இரும்புக் கதவுகள். அந்தக் கதவுகளை மேலே பிரிட்ஜிலிருந்தே (கப்பலை இயக்கும் மேல்தளத்துக் கட்டுப்பாட்டு அறை) மின்சாரத்தால் மூட முடியும். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் அன்று மெக்சிகோவின் மேற்குக் கரையில், லா பாஸ் நகருக்கு அருகே கலிஃபோர்னியா வளைகுடாவில் இருந்தது. மெக்சிகோவில் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்கக் கப்பல்கள் அந்தக் கரையோரம் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் அன்றைக்கு யாரும் யாரையும் சுடவில்லை. நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஓட்டம் மட்டுமே நடந்தது. 1907-ல் கடற்படையில் சேர்ந்த கப்பல், 22 கடல்மைல் வேகத்துக்காகக் கட்டப்பட்டது. எட்டு வருடம் கழித்தும் அந்த வேகம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது பாய்லர்கள் எல்லாம் உச்சத்தில் எரிய வேண்டும், கரி அள்ளுபவர்கள் இடுப்பு நிமிர்த்த நேரமில்லாமல் அள்ளிப் போட வேண்டும்.

பாய்லர் ஏன் வெடிக்கிறது? அழுத்தம் அதிகமாகி வெடிப்பது ஒரு வகை. இன்னொரு வகை, உள்ளே தண்ணீர் குறைந்துபோவது. குழாய்களுக்குள் தண்ணீர் இருக்கும்வரை நெருப்பின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், இரும்பு தாங்கும். தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் வெறும் குழாய் நெருப்பில் கிடந்து சிவந்து, இளகி, உள்ளே இருக்கும் அழுத்தத்தில் கிழிந்துவிடும். அக்காலப் போர்க்கப்பல் பாய்லர்களில் நீராவியின் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல். உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அழுத்தத்தால் தண்ணீராகவே நிற்கும். குழாய் கிழிந்த நொடியில் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகி, தன் பழைய அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகி அறைக்குள் பாயும். உலையில் இருக்கும் எரிகரியையும் சேர்த்து வாரி இறைக்கும். மூச்சை உள்ளே இழுத்தால் நுரையீரல் வெந்துவிடும். கண் தெரியாது. கை வைக்கும் இடமெல்லாம் சுடும்.

அன்று இரண்டாம் எண் அறையில் இதுதான் நடந்தது.

அந்த நொடியில் ராபர்ட் வெப்ஸ்டர் கேரி என்ற இளம் அதிகாரி (என்சைன் பதவி, அதிகாரிகளில் அடிமட்டம்) அங்கே இருந்தார். சோதனை ஓட்டத்தில் அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பாய்லரின் அழுத்தத்தையும் பார்த்துக் குறிப்பது அவர் வேலை. இரண்டாம் எண் பாய்லரின் அளவைப் படித்துவிட்டு, கதவைத் தாண்டி முதலாம் அறைக்குள் காலெடுத்து வைக்கும்போது பின்னால் வெடித்தது. மேலே பிரிட்ஜில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கதவுகளை மூடுவார்கள். அது தவறும் அல்ல. அடுத்த அறைக்கு ஆவியோ கடல்நீரோ பரவாமல் தடுத்தால்தான் கப்பல் பிழைக்கும். ஆனால் கதவு மூடினால் உள்ளே இருப்பவர்களுக்கு அதுவே கல்லறை. மின்சாரத்தால் மூடிக்கொண்டிருந்த கதவைக் கேரி பிடித்து நிறுத்தினார். உள்ளே இருந்தவர்களை இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கத்தினார். மூன்று பேர் வெளியே வந்தார்கள். சுற்றிலும் ஆவி பாய, ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் கதவைப் பிடித்திருந்ததாக அவருடைய பதக்கச் சான்றுரை சொல்கிறது. ஒரு நிமிடம் என்பது எழுதும்போது சின்னதாகத் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அறுபது நொடி சும்மா நின்று பாருங்கள்.

அதோடு முடியவில்லை. முதலாம் அறையில் இருந்த ஆட்கள் ஓடாமல் நின்று நெருப்பை வாரி வெளியே இழுத்தார்கள். இதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு நடந்ததில் எனக்கு மிகப் பெரிதாகப் படும் விஷயங்களில் இது ஒன்று. ஐந்து பாய்லர்கள் பக்கத்திலேயே வெடித்துவிட்டன. ஒன்றாம் மூன்றாம் எண் பாய்லர்களில் தண்ணீரே இல்லை என்று தெரிகிறது. சிவந்து கிடக்கும் குழாய்களில் அவசரப்பட்டுத் தண்ணீர் விட்டால் அதுவே வெடிக்கவைக்கும். செய்யக்கூடியது ஒன்றுதான்: உலைக் கதவைத் திறந்து, நீண்ட இரும்புக் கொக்கிகளால் எரியும் கரியைத் தரையில் இழுத்துப் போட்டு, சூட்டை நிறுத்துவது. எந்த நொடியும் வெடிக்கலாம் என்று தெரிந்த பாய்லரின் வாய்க்கு நேராக நின்று செய்ய வேண்டிய வேலை. அதை முடித்த பிறகே கேரி அவர்களைப் பக்கத்து நிலக்கரிக் கிடங்குக்குள் அனுப்பினார்.

இனி டிரினிடாட். இரண்டாம் அறையில் வெடித்த வேகம் அவரை வெளியே தள்ளியது. உயிரோடு வெளியே வந்தாயிற்று, அதற்குமேல் அவரிடம் யாரும் எதுவும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவர் உடனே திரும்பி உள்ளே போனார். அங்கே டேலி என்ற சக ஃபயர்மேன் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்து, தூக்கிக்கொண்டு வந்தார். நான்காம் அறைக்குள் வந்துகொண்டிருக்கும்போது மூன்றாம் அறை வெடித்தது. அந்த வீச்சு அவர் முகத்தில் நேராக அடித்து முகம் வெந்தது. தூக்கிவந்தவரை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, வெடித்த மூன்றாம் அறையிலிருந்து காயம்பட்ட இன்னொருவரை மீட்கவும் கைகொடுத்தார்.

சான்றுரை இதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. அதில் என்னை நிறுத்திவைப்பது "உடனே திரும்பினார்" என்ற இடம். முதல் முறை உள்ளே இருந்தது பணி, வெடித்தது விதி. ஆவி என்ன செய்யும் என்று தோலில் தெரிந்துகொண்ட பிறகு, யாரும் உத்தரவிடாமல் இரண்டாம் முறை போனதுதான் அவர் செய்தது. டேலியை ஒப்படைத்த பிறகும் அவர் நிற்கவில்லை. அன்றைக்கு அவருக்கு விலகிக்கொள்ள நியாயமான காரணங்கள் மூன்று முறை கிடைத்தன. மூன்றையும் விட்டார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். மெடல் ஆஃப் ஹானர் முதலில் கடற்படைக்காகத்தான் 1861 டிசம்பரில், உள்நாட்டுப் போரின்போது உருவானது. அப்போதே அதன் வாசகம் போர்த் துணிவோடு நிற்கவில்லை, மாலுமிக்குரிய பிற நற்குணங்களையும் சேர்த்துக்கொண்டது. 1901 மார்ச் 3-ல் வந்த சட்டம் இன்னும் தெளிவாகச் சொன்னது: போரில் தனித்து விளங்கியவருக்கும் தரலாம், "தன் தொழிலின் வழியில் அசாதாரண வீரம்" காட்டியவருக்கும் தரலாம். டிரினிடாட்டின் சான்றுரையில் இருப்பது இந்தச் சொற்றொடர்தான். இந்தியாவில் எதிரி முன்னிலையில் காட்டும் வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா, அது அல்லாத வீரத்துக்கு அசோக சக்ரா என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் அல்லவா? அன்றைய அமெரிக்கக் கடற்படையில் அந்தப் பிரிவினை கிடையாது. பீரங்கிக்கு எதிரே நின்றவனுக்கும் பாய்லருக்கு எதிரே நின்றவனுக்கும் நட்சத்திர வடிவிலான அதே பதக்கம்.

ஆனால் ஒரு விசித்திரமான கட்டுப்பாடு இருந்தது. கடற்படையில் அந்தப் பதக்கம் கீழ்நிலை மாலுமிகளுக்கு மட்டுமே. அதிகாரிகளுக்குக் கிடையாது. அதிகாரி வீரமாக இருப்பது அவர் கடமை, பதவி உயர்வே அவருக்குப் பரிசு என்ற எண்ணம். அதிகாரிகளும் பெறலாம் என்று சட்டம் மாறியது 1915 மார்ச் 3-ல். தேதியைக் கவனியுங்கள்: சான் டியாகோ விபத்து நடந்து ஆறு வாரம் கழித்து. விபத்து நடந்த நாளில், கதவைப் பிடித்து நின்ற கேரி அந்தப் பதக்கத்துக்குத் தகுதியே இல்லாதவர். கரி அள்ளிய டிரினிடாட் தகுதியுள்ளவர்.

டிரினிடாட்டுக்கான ஆணை 1915 ஏப்ரல் 1-ல் வந்துவிட்டது. அன்றைய கடற்படைச் செயலர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் வெளியிட்ட பொது ஆணை எண் 142. பதக்கத்தோடு 100 டாலர் அன்பளிப்பு. ஃபயர்மேனுக்கு அது சில மாதச் சம்பளம். கேரிக்கும் பிறகு கிடைத்தது, ஆனால் அவருடைய சான்றுரை அவரை "லெப்டினன்ட் கமாண்டர் கேரி, அப்போது என்சைன்" என்று அழைக்கிறது. இடையில் அவர் பதவி உயர்ந்திருக்கிறார், அதாவது வருடங்கள் ஓடியிருக்கின்றன. வெள்ளைக்கார அதிகாரியை முந்திக்கொண்டு காலனி நாட்டுக் கடைநிலை மாலுமி நாட்டின் உச்சப் பதக்கத்தை வாங்கிய கதை இது. சமத்துவ உணர்வால் நடந்தது என்று சொல்லிவிட ஆசைதான். உண்மையில் சட்டம் எழுதப்பட்டிருந்த விதம் அப்படி.

கேரியின் கதை இன்னும் நீள்கிறது. 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோ கரைக்கு அருகே, வானொலி அலையால் இயக்கப்பட்ட ஜெர்மன் குண்டு யுஎஸ்எஸ் சவானா என்ற கப்பலின் பீரங்கிக் கூண்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வெடித்தது. அந்தக் கப்பலின் கேப்டன் இதே கேரிதான். கப்பலை மூழ்கவிடாமல் மால்டா கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

டிரினிடாட்டுக்குக் கிடைத்தது தனி விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். நீராவிக் காலத்துக் கடற்படை தன் ஆட்களைத் தானே கொன்றுகொண்டிருந்த கடற்படை. 1904 ஏப்ரல் 13-ல், பென்சகோலாவுக்கு அருகே குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் இருந்த யுஎஸ்எஸ் மிசூரியின் பெரிய பீரங்கிக் கூண்டுக்குள் வெடிமருந்து தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். தீ கீழே இருந்த வெடிமருந்துக் கிடங்குக்கு இறங்கியது. மான்ஸ் மான்சென் என்ற, நார்வேயில் பிறந்த மாலுமி சிறிய திறப்பு வழியாக எரியும் கிடங்குக்குள் நுழைந்து, குழாய் வந்து சேரும்வரை வெறுங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தார். பாசனக் கால்வாயில் முகம் கழுவுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து அள்ளுவது, அவ்வளவுதான் அவரிடம் இருந்த கருவி. கிடங்கு வெடித்திருந்தால் கப்பலே இருந்திருக்காது.

அடுத்த ஆண்டு நடந்தது அதைவிடக் கொடுமை. 1905 ஜூலை 21 காலை, கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரத் துறைமுகத்தில் யுஎஸ்எஸ் பென்னிங்டன் என்ற சிறு பீரங்கிக் கப்பல் புறப்படுவதற்காக நீராவி ஏற்றிக்கொண்டிருந்தது. பாய்லரில் இருக்கும் காற்றை வெளியேற்றத் திறந்து வைத்திருந்த திருகை மூட வேண்டிய ஆள், தவறுதலாக அழுத்தமானிக்குப் போகும் வால்வை மூடிவிட்டார். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, மானியின் முள் அசையவில்லை. கரி அள்ளுபவர்களுக்கு என்ன தோன்றும்? "இன்னும் ஏறவில்லையே" என்று மேலும் கரி போட்டார்கள். அதிக அழுத்தத்தைத் தானாக வெளியேற்ற வேண்டிய பாதுகாப்பு வால்வும் திறக்கவில்லை. வெடித்ததில் 66 பேர் இறந்தார்கள். பதினொரு பேருக்கு மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. அவர்களில் கப்பலின் மருத்துவ உதவியாளர் வில்லியம் ஷாக்லெட், தானே கடுமையாக வெந்த நிலையில் மற்றவர்களைக் காப்பாற்றியவர். எண்ணிக்கையை மறுபடி பாருங்கள்: போர் இல்லை, கரையோரத் துறைமுகம், நல்ல வெளிச்சம், ஒரே காலையில் பதினொரு பதக்கங்கள். இறந்தவர்களுக்கு அந்த நகரத்தின் ஃபோர்ட் ரோஸ்கிரான்ஸ் கல்லறைத் தோட்டத்தில் உயரமான கருங்கல் தூண் நிற்கிறது.

1924-ல் யுஎஸ்எஸ் டிரென்டன் பீரங்கிக் கூண்டில் எரியத் தொடங்கிய வெடிமருந்துப் பைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளப் பாய்ந்து உயிர்விட்ட ஹென்றி டிரெக்ஸ்லர், ஜார்ஜ் சோலிஸ்டர். 1939-ல் மூழ்கிக் கிடந்த ஸ்குவாலஸ் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து 33 பேரை மேலே கொண்டுவந்த பணிக்காகப் பதக்கம் பெற்ற நான்கு முக்குளிப்பவர்கள் என்று பட்டியல் நீளும்.

பிறகு இந்தக் கதவு மூடப்பட்டது. 1942 ஆகஸ்டில், சண்டை அல்லாத வீரத்துக்கென்று தனியாக "நேவி அண்ட் மரீன் கோர் மெடல்" உருவானது. பிற்காலத்தில் அதிபரான ஜான் கென்னடி, 1943-ல் தன் படகு உடைந்தபோது சக மாலுமிகளைக் காப்பாற்றியதற்காகப் பெற்றது இதைத்தான். 1963-ல் வந்த சட்டம் மெடல் ஆஃப் ஹானரை முழுக்க முழுக்கப் போர்ச் செயல்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. ஆகவே டிரினிடாட் செய்ததையே இன்று ஒருவர் அச்சுப் பிசகாமல் செய்தாலும் அவருக்கு அந்த நட்சத்திரம் கிடைக்காது. "அப்படியானால் அந்தப் பழைய பதக்கங்கள் மலிவானவையா?" என்று சிலர் கேட்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலில் விழுந்தவரைக் குதித்துக் காப்பாற்றியதற்கெல்லாம் இதைக் கொடுத்தார்கள் என்பது உண்மை, அளவுகோல் தளர்வாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் மூன்றாம் அறை வெடித்தபோது முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றவரை அந்த வாதத்துக்குள் இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிரினிடாட் 1890 நவம்பர் 25-ல் பனாய் தீவில், இன்றைய அக்லான் மாகாணத்தின் நியூ வாஷிங்டன் ஊரில் பிறந்தவர். அவர் பிறந்தபோது ஆண்டது ஸ்பெயின், எட்டு வயதில் நாடு அமெரிக்காவின் கைக்கு மாறியது. 1901-ல் அதிபர் மெக்கின்லியின் ஆணையால், பிலிப்பினோக்களைக் கடற்படையில் சேர்க்க "இன்சுலர் ஃபோர்ஸ்" என்ற பிரிவு உருவானது. 1910-ல் அதில் சேர்ந்தார். தரைப்படையில் அவருக்கு முன்பே ஹோசே நிஸ்பெரோஸ் என்ற பிலிப்பினோ, 1911-ல் பசிலான் தீவில் நடந்த சண்டைக்காக மெடல் ஆஃப் ஹானர் பெற்றிருந்தார்.

இரண்டு உலகப் போர்களையும் கடற்படையிலேயே கடந்து, 1945-ல் ஓய்வு பெற்றார். 1968 மே 8-ல் கவிதே மாகாணத்தின் இமுஸ் ஊரில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் கடற்படை பிலிப்பினோக்களை எப்படி நடத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு, புதிதாகச் சேர்ந்த பிலிப்பினோக்கள் பெரும்பாலும் அதிகாரிகளுக்குச் சமைப்பது, பரிமாறுவது, துணி தேய்ப்பது ஆகிய வேலைகளுக்குள்ளேயே அடைக்கப்பட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. டிரினிடாட் சில வருடம் தள்ளிச் சேர்ந்திருந்தால் பாய்லர் அறை வாசலுக்குக்கூட வந்திருக்க முடியாமல் போயிருக்கலாம்.

அவருடைய கப்பல் அவருக்கு முன்பே போய்விட்டது. 1918 ஜூலை 19-ல், ஜெர்மன் நீர்மூழ்கி விதைத்துவிட்டுப்போன கண்ணிவெடியில் மோதி, நியூயார்க்கின் ஃபயர் ஐலண்டுக்கு அருகே சான் டியாகோ மூழ்கியது. இன்றும் அங்கே தலைகீழாகக் கிடக்கிறது.

2022 மே மாதம், கட்டப்போகும் ஒரு நாசகாரிக் கப்பலுக்கு யுஎஸ்எஸ் டெலெஸ்ஃபோரோ டிரினிடாட் என்று பெயர் வைப்பதாக அன்றைய கடற்படைச் செயலர் கார்லோஸ் டெல் டோரோ அறிவித்தார். ஆர்லி பர்க் வகைக் கப்பல், எண் 139. விமான எஞ்சினிலிருந்து வந்த நான்கு கேஸ் டர்பைன்களில் ஓடும் வகை அது. கரி கிடையாது, பாய்லர் அறையும் கிடையாது.